கடைமடை வரை ஒரு சைக்கிள்

எங்கள் ஊரைப் பற்றி வெளியூர்க்காரர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், பாதிக்கு மேல் உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் தண்ணீர் விஷயத்தில் மட்டும் எங்களை யாரும் குறை சொல்ல முடியாது. மலையிலிருந்து ஒற்றை வாய்க்காலில் இறங்கி வருகிற தண்ணீரை, தலைமடையில் தொடங்கிக் கடைமடை வரை, நாற்பத்தொரு திராட்சைத் தோட்டத்துக்கும் வரிசை பிசகாமல் பாய்ச்சிக்கொள்கிற ஊர் வெள்ளிமடை. அண்ணனும் தம்பியும் அரிவாளைத் தூக்கிக்கொண்டு நின்ற வருஷத்தில்கூட அண்ணன் தோட்டம் நனைந்ததும் மடையை மாற்றித் தம்பிக்குத் திறந்துவிட்டுத்தான் மறுபடி அரிவாளைத் தேடினார்கள். அந்த நாற்பத்தொன்றில் கடைசித் தோட்டம் என்னுடையது. என் பெயர் வேலுத்தாய். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன், கேட்டுவிட்டுக் காறித் துப்பத் தோன்றினால் துப்பிவிட்டுப் போங்கள்.

புரட்டாசி முடிகிற நேரம், பந்தல் முழுக்கக் காய் பச்சைப் பசேலென்று கல்லாட்டம் தொங்கிக்கொண்டிருந்தது. பழுக்க இன்னும் ஒரு மாதம் வேண்டும், மழைக்கோ இருபது நாள்கூட இல்லை. போன இரண்டு போகமும் இப்படித்தான் மழையில் மாட்டி, இலையில் சாம்பல்நோய் விழுந்து, காய் வெடித்து, கொத்துக் கொத்தாக அழுகிக் கீழே விழுந்தன. இந்தப் போகமும் போனால் பந்தலைப் பிடுங்கிவிட்டு எங்கேயாவது கூலிக்குப் போக வேண்டியதுதான் என்று ஊரில் ஒவ்வொரு வீடும் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்த சமயத்தில், ஆறு பேர் சைக்கிளில் வந்தார்கள்.

சிவகாசிக்காரர்கள். கம்பத்தில் கிளம்பி, திராட்சைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே சுருளிக்குப் போய்க் குளித்து, அப்படியே மேகமலை ஏறி இறங்குவதாகத் திட்டம். ஐந்து பேர் வந்து, டீக்கடையில் உட்கார்ந்து, டீ குடித்து, கிளாஸைக் கழுவி வைத்த பிறகுதான் ஆறாவது ஆள் வந்து சேர்ந்தாள். வழியில் ஒரு மைனாவைப் பார்த்தாளாம், ஒரு கிணற்றை எட்டிப் பார்த்தாளாம், கிணற்றுக்குள் ஆமை இருந்ததாம். அவள் பெயர் தமயந்தி. “இவ வர்றதுக்குள்ள மேகமே இறங்கி வந்துரும்” என்று கூட்டாளிகள் கேலி செய்துவிட்டு, மேலே காத்திருக்கிறோம் என்று கிளம்பிவிட்டார்கள். வெயிலாக இருந்ததால் அவள் தலைமடைத் தோட்டத்துக்காரரிடம், பந்தலுக்கு அடியில் நிழலில் ஒரு சுற்று ஓட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். பெண்பிள்ளை கேட்கிறதே என்று அவரும் தலையாட்டினார்.

அன்றைக்கு நான் அங்கே கூலிக்குப் போயிருந்தேன், என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். கல்தூணுக்கும் கல்தூணுக்கும் நடுவில் அவள் சைக்கிள் நடக்கிறவன் வேகத்துக்கும் கொஞ்சம் குறைவாக ஊர்ந்து போக, தலைக்கு மேலே உரசிய கொத்துகள் அவள் முதுகுக்குப் பின்னால் ஒவ்வொன்றாகச் சிவந்து, நீலம் பாய்ந்து, கறுத்து, மேலே சாம்பல் படர்ந்து, காம்பு தளர்ந்து கனத்துத் தொங்கின. ஒரு வரிசை முடிந்து அடுத்த வரிசைக்குள் அவள் திரும்பியபோது முதல் வரிசையில் வண்டு வந்துவிட்டது. தோட்டக்காரர் ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டு, தோலைத் துப்பி, “இனிப்பு ஏறியிருக்கு” என்றார். பிறகு பெட்டி எடுத்து வரச் சொல்லி வீட்டுக்கு ஆள் அனுப்பினார். அவ்வளவுதான், எங்கள் ஊரில் அதற்கு மேல் யாரும் ஆச்சரியப்படவில்லை. இது எப்படி என்று ஒருத்தரும் கேட்கவில்லை, அடுத்து யாருக்கு என்றுதான் கேட்டோம்.

அதற்கு எங்களிடம் தயாராகப் பதில் இருந்தது. வாய்க்கால் முறை பார்க்கிற மொக்கச்சாமி மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார், வரிசையை மனப்பாடமாக ஒப்பித்தார், தலைமடை முடிந்தது, ரெண்டாவது மடை யாருப்பா என்று கூப்பிட்டார். தண்ணீருக்கு முன்னால் நடப்பதுபோலவே சைக்கிளுக்கு முன்னால் நடந்தார்; ஒரு தோட்டம் முடிந்ததும் பழக்கதோஷத்தில் குனிந்து, மண்ணை வெட்டி, மூடுவதற்கு எதுவும் இல்லாத பாதையில் போட்டு மூடினார். தமயந்தி சிரித்துவிட்டாள். நாலு பேர் தங்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தார்கள், பிறகு அவள் சைக்கிளையே வாங்கி ஓட்டிப் பார்த்தார்கள், ஒரு காய்கூடக் கறுக்கவில்லை. அவளையே கொஞ்சம் வேகமாக ஓட்டச் சொன்னார்கள், அப்போதும் கறுக்கவில்லை. அவள் மெதுவாக ஓட்ட வேண்டும், ஒரு நாளைக்கு இரண்டு தோட்டம்தான் ஆகும் என்று அன்று சாயங்காலத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது.

பாய்கிற தண்ணீர் கடைசியில் வந்து சேருகிற இடம் கடைமடைதானே என்று மொக்கச்சாமி அவளை எங்கள் வீட்டில் தங்க வைத்தார். அதுவும் ஒரு நியாயம் என்றுதான் எல்லாருக்கும் பட்டது.

“ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்க்கா” என்றாள். நீங்கள் போங்கள், நான் பிறகு வருகிறேன் என்று கூட்டாளிகளுக்குச் சொல்லிவிட்டுப் போனை அணைத்துப் பைக்கு அடியில் போட்டிருந்தாள்; சுற்றுகிற நாட்களில் அதைத் தொடுவதில்லையாம். காலண்டர் அச்சகத்தில் பிழை பார்க்கிற வேலை, அங்கேயும் மெதுவாகப் பார்க்கிறாள் என்று திட்டு. “தம்பி படிப்பு, தங்கச்சி கல்யாணம், அப்பாவுக்கு ஆஸ்பத்திரி, இப்படியே முப்பத்தாறு வயசு ஓடிப்போச்சுக்கா. இனிமே இருக்கிற வருஷமெல்லாம் என்னோடது. வருஷத்துக்கு ஒரு மலை. அவசரப்படாம, ஒவ்வொன்னா” என்றாள். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது. பிறகு, “நான் மெதுவாப் போறதுக்காக ஒரு ஊரே சந்தோஷப்பட்டது இதுதான்க்கா முதல் தடவை” என்றாள். இரண்டு நாள் மூன்றாகி, நான்காகிப் போனதற்கு அந்தச் சந்தோஷம்தான் காரணம், நாங்கள் அதை நன்றாகப் பிடித்துக்கொண்டோம்.

ஊர் அவளைத் தாங்கு தாங்கென்று தாங்கியது. பழுத்த தோட்டத்துக்காரர்கள் கோழி அடித்தார்கள், பழுக்க வேண்டிய தோட்டத்துக்காரர்கள் அதைவிடப் பெரிய கோழியாக அடித்தார்கள். லாரிகள் வரிசை கட்டி நின்றன. மூன்றாம் நாள் காலை அவள் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டபோது வகிடு ஓரமாக ஐந்தாறு நரைமுடியைப் பார்த்தேன். முந்தின நாள் அவை இல்லை. நான்காம் நாள் கண்ணோரத்தில் கோடு விழுந்திருந்தது, ஐந்தாம் நாள் சைக்கிளிலிருந்து இறங்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். ஒரு தோட்டத்துக்கு ஒரு வருஷம் என்று யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை, தினமும் மலையைப் பார்த்து மழைக்கு எத்தனை நாள் என்று சொல்கிற எங்களுக்கு இதுவா தெரியாது? முதல் நாள் அவளை “பாப்பா” என்று கூப்பிட்ட கிழவர்கள் “ஏத்தா” என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். “அக்கா” என்று பின்னால் ஓடிய பள்ளிக்கூடப் பிள்ளைகள் “அத்தை” என்றன, ஒன்றிரண்டு “பெரியம்மா” என்றன. யாரும் பேசி வைத்துச் செய்யவில்லை, வாயில் தானாக வந்தது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் எல்லாரும் பழம் பறித்துக்கொண்டிருந்தோம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எங்கள் வீட்டுச் சுவரில் இருந்த கண்ணாடியைக் கழற்றிப் பரணில் போட்டேன். ஆணி இற்றுப் போச்சு என்று அவளிடம் சொன்னேன். என் தோட்டம் நாற்பத்தோராவது. அவள் பாதியில் கிளம்பிவிட்டால் என் கதி என்ன?

ஏழாம் நாள் காலை. பன்னிரண்டு தோட்டம் முடிந்திருந்தது. கம்பங்கூழைக் கரைத்து வைத்துவிட்டு, வாசலில் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தவளை, “அக்கா, சாப்பிட வாங்க” என்று கூப்பிட்டேன்.

பம்பைப் பிடித்த கை அப்படியே நின்றது. எனக்கு நாற்பத்தேழு வயது, அது அவளுக்கும் தெரியும்.

“என்னா சொன்னீங்க?”

“சாப்பிட வரச் சொன்னேன்.”

“அக்கான்னு கூப்பிட்டீங்க.”

அவள் தன் புறங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், தலைமுடியை முன்னால் இழுத்துப் போட்டுப் பார்த்தாள், பிறகு நேராக உள்ளே வந்து சுவரில் கண்ணாடி இருந்த இடத்தில் வெளுத்துத் தெரிந்த சதுரத்தைப் பார்த்தாள். பைக்கு அடியிலிருந்து போனை எடுத்துத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். வெகு நேரம் பிடித்திருந்தாள். அழவில்லை. “நான் கிளம்புறேன்” என்று மட்டும் சொன்னாள்.

ஊர் கூடிவிட்டது. யாரும் அவளை அதட்டவில்லை, கையைப் பிடிக்கவில்லை, எங்கள் ஊரில் விருந்தாளியிடம் அப்படியெல்லாம் நடந்துகொள்ள மாட்டோம். முன்சக்கரத்தில் பஞ்சர் என்று ஒருத்தர் அக்கறையாகக் கழற்றிக்கொண்டு போனார். ஐந்து பெண்கள் ஐந்து தட்டோடு வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். பஸ் எங்கள் ஊர் நிறுத்தத்தில் நிற்காமல் போனது, டிரைவருக்கு முப்பதாவது மடையில் மாமனார் வீடு. மொக்கச்சாமிதான் பேசினார். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

“தாயி, முறையைத் தொடங்கினா நடுவுல நிறுத்தக் கூடாது. தலைமடைக்காரன் வயிறு நெறைஞ்சிருச்சு, கடைமடைக்காரி என்னா பாவம் பண்ணா? இந்தா, உனக்குச் சோறு போடுற வேலுத்தாயிக்குத்தான் கடைசி முறை. அவ முகத்தைப் பாத்துச் சொல்லு, போறேன்னு.”

நாற்பது தோட்டக்காரர்களும் என்னைக் காட்டினார்கள். என் மேல் அவர்களுக்கு அத்தனை கரிசனம் வந்து நான் அதுவரை பார்த்ததில்லை. தமயந்தி என் முகத்தைப் பார்த்தாள். இல்லை, நீ போ என்று அப்போதே நான் சொல்லியிருக்கலாம். நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டேன்.

மத்தியானம் சக்கரம் திரும்பி வந்தது, அவள் ஏறி உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அவள் மைனாவைப் பார்க்கவில்லை, கிணற்றை எட்டிப் பார்க்கவில்லை. மொக்கச்சாமி முன்னால் நடக்க, மலை உச்சியில் மேகம் நாளுக்கு ஒரு விரற்கடை கீழே இறங்க, அவள் தலை வெளுக்க, பந்தல் கறுக்க, நாங்கள் பறித்தோம், பெட்டியில் அடுக்கினோம், லாரியில் ஏற்றினோம். பந்தலுக்கு அடியில் யாரும் பாடவில்லை, பக்கத்து வரிசையில் பழம் காம்பிலிருந்து அறுபடுகிற சத்தம்கூடக் கேட்டது. அவளுக்குத் தொட்டில் பிள்ளைக்குப் பார்ப்பதுபோலக் குழையக் குழையச் சோறு வடித்தார்கள், பல் ஆட ஆரம்பித்திருந்தது.

இருபத்து மூன்றாவது தோட்டம் முடிந்ததற்கு மறுநாள் காலை அவள் என்னிடம், “இன்னைக்கு எந்தத் தோட்டம்க்கா?” என்று கேட்டாள். கூலிக்கு வந்தவள் மேஸ்திரியிடம் கேட்கிற குரல். கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை. ஐம்பத்தொன்பது வயதுக்காரி நாற்பத்தேழு வயதுக்காரியை இன்னும் அக்கா என்கிறாள். நான் உருப்படவே மாட்டேன் என்று அந்த நிமிஷம் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

அவளோடு சேர்ந்து நடந்தேன். இருபத்து நான்காவது தோட்டம் பவளத்துடையது. பவளம் எனக்குச் சின்ன வயதிலிருந்து கூட்டாளி. வாசலில் பெட்டிகளை அடுக்கி வைத்துவிட்டு நின்றிருந்தாள். மொக்கச்சாமி மண்வெட்டியை ஊன்றி, பவளம் பேரைச் சொல்ல வாயைத் திறந்தபோது, நான் முன்னால் போய் நின்றேன்.

“கடைமடை கேக்குது” என்றேன்.

விஷயம் இதுதான். கடைமடைக்காரருக்குப் பயிர் சாகப்போகிறது என்றால், ஒரே ஒரு தடவை, வரிசையை உடைத்து முன்னால் தண்ணீர் கேட்கலாம்; காரணம் சொல்ல வேண்டியதில்லை, யாரும் மறுக்கக் கூடாது. அப்படி வாங்கியவர் பாய்ச்சி முடித்தேன் என்று தன் வாயால் சொல்லும்வரை மடை அடுத்தவருக்குத் திரும்பாது. என் மாமனார் ஒரு தடவை கேட்டாராம், அதற்குப் பிறகு யாரும் கேட்டதில்லை. மொக்கச்சாமி என்னை முறைத்துப் பார்த்தார், மலையைப் பார்த்தார், முறை முறைதான் என்று முனகிக்கொண்டு மண்வெட்டியைத் தோளில் போட்டு என் தோட்டத்தைப் பார்த்து நடந்தார்.

தோட்டத்துக்குள் சைக்கிள் வந்ததும் படலைச் சாத்தினேன். தமயந்தி ஏறப்போனாள். நான் குனிந்து முன்சக்கரத்தைக் கழற்றினேன். அதை மடியில் வைத்துக்கொண்டு படலுக்குக் குறுக்கே உட்கார்ந்தேன்.

“என்னா வேலுத்தாயி?” என்றார் மொக்கச்சாமி.

“இன்னும் பாய்ச்சி முடியல.”

முதலில் அவர்களுக்குப் புரியவில்லை. புரிந்தபோது பதினேழு தோட்டத்துக்காரர்களும் படலைச் சுற்றி நின்றார்கள். ஒரு உதை உதைத்தால் படல் விழுந்துவிடும், என்னையும் தூக்கி எறிந்துவிடலாம்; ஆனால் முறையை மீறிக் கைவைக்க அவர்களுக்கு வரவில்லை. அவளைக் கட்டிப்போட்டதும் அந்த முறைதான், இப்போது என்னைக் காத்து நின்றதும் அதேதான், எங்கள் ஊரை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. திட்டுவதற்கு முறை எதுவும் இல்லையே, திட்டினார்கள். என் பிறப்பைத் திட்டினார்கள், என் பிள்ளை இல்லாத வயிற்றைத் திட்டினார்கள், தண்ணீர்க் குடத்தைத் தொடவிடாமல் குழாயடியில் ஆள் நிறுத்தினார்கள்.

இரண்டாம் நாள் மேகம் பாதி மலைக்கு இறங்கிவிட்டது. என் வீட்டுக்காரர் ஜக்கையன் பின்பக்க வேலி வழியாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நல்ல மனுஷன், புத்திசாலி வேறு.

“நீ செய்றது சரிதான். ஆனா நம்ம காயை ஏன் விடணும்? ஓட்டச் சொல்லு. கடைசி வரிசையை மட்டும் விட்டுரச் சொல்லு. பாய்ச்சி முடிச்சதா ஆகாது. அவங்களும் கேக்க முடியாது, நமக்கும் பழுத்துரும். முழுசா ஒரு வருஷம்கூட ஆகாது.”

எனக்கு அது தோன்றாமல் இல்லை. ராத்திரி முழுக்க அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன், எத்தனை வரிசை, எத்தனை மாதம் என்று. தமயந்தி அதைக் கேட்டுவிட்டு, “ஓட்டுறேன்க்கா. இத்தனை பேருக்கு ஓட்டிட்டேன், உங்களுக்கு ஓட்டாமலா?” என்று எழுந்து சக்கரத்துக்குக் கை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. கொடுக்காமல் இருக்க, கம்பிகளுக்கு நடுவில் விரலைக் கோத்து இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. என் தலைக்கு மேலே பச்சைக் கொத்துகள் தொங்கிக்கொண்டிருந்தன.

மூன்றாம் நாள் பவளம் வந்தாள். அவள் திட்டவில்லை. படலுக்கு அந்தப் பக்கம் மண்ணில் உட்கார்ந்தாள்.

“தையில மகளுக்குக் கல்யாணம்டி. நாலு ஊருக்குச் சொல்லியாச்சு. அந்தம்மாவுக்கு இருபத்து மூணு போயிருச்சு, இன்னும் ஒன்னு போனா என்னாடி? ஒன்னே ஒன்னு. என் தோட்டம் மட்டும் முடியட்டும், அப்புறம் நானே வந்து உங்கூட உக்காந்துக்கிறேன்.”

“முடியாதுடி.”

“நீ என் கூட்டாளிதானடி?”

இன்னும் ஒன்னே ஒன்னு என்று இருபத்து மூன்று பேரும் மனசுக்குள் சொன்னதைத்தான் அவள் வாய்விட்டுச் சொன்னாள், நானும் சேர்ந்துதான் சொல்லியிருந்தேன். அவள் அழுதாள், நானும் அழுதேன், சக்கரத்தை விடவில்லை. மத்தியானம் மூன்று மணி வாக்கில் முதல் தூறல் விழுந்தது. ஒரு நிமிஷம் எல்லாரும் மேலே பார்த்தார்கள். அதற்குப் பிறகு பிடித்த மழை நான்கு நாள் விடவில்லை. பதினேழு தோட்டமும் என்னுடையதும் கண்ணெதிரே அழுகின. மூன்று வீடு அந்த மாதமே திருப்பூருக்குக் கிளம்பியது. பவளம் மகள் கல்யாணம் நின்றது. அவள் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

மழை விட்ட காலையில் தமயந்தி சக்கரத்தைத் தானே மாட்டினாள், பையைக் கட்டினாள். பழுக்க வைக்க ஊரில் ஒரு காய்கூட இல்லை, யாரும் தடுக்க வரவில்லை. தலைமடையிலிருந்து ஓர் ஆள் மட்டும் இரண்டு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, கொடுக்கத் தைரியம் இல்லாமல் வேலிமேல் வைத்துவிட்டுப் போனார்.

சுருளிக்குப் போகிற பாதை பிரிகிற இடம் வரைக்கும் கூடப் போனேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தவள் அங்கே நின்றாள். எனக்கு நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்; சொன்னால் என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

“ஒன்னு கேக்கணும்” என்றாள். அக்கா என்று சொல்லவில்லை. “கடைமடைக்காரங்க முன்னாடி கேக்கலாம்னு சொன்னீங்களே, அதை எப்ப வேணும்னாலும் கேக்கலாமா? நான் வந்த அன்னைக்கே கேட்டிருக்கலாமா?”

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்குத் தெரியப் போவதில்லை.

“கேட்டிருக்கலாம்” என்றேன்.

எதையும் நிதானமாகப் பார்க்கிறவள், என்னையும் அப்படியே பார்த்தாள். பிறகு ஏறி உட்கார்ந்து, ஐம்பத்தொன்பது வயது முழங்கால்களால் மிதித்து, மலையைப் பார்த்து வேகமாகப் போனாள். அவள் வேகமாகப் போய் நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.